வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு: இயற்கை வளம், சூழலியல் படிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து என் போன் ஓயாது. பள்ளிகொண்டா பக்கம் பாலாற்றங்கரையில் வளர்ந்து, தாவரவியலில் பட்டம் வாங்கி, அப்புறம் சூழலியலில் முதுகலை முடித்து, இப்போது கிணறு, ஏரி, காடு என்று அளந்துகொண்டு திரிகிற ஆள் நான். 'அந்தப் படிப்பு' பற்றி விசாரிக்க எங்கள் பக்கத்தில் வேறு ஆள் கிடைப்பதில்லை போலிருக்கிறது. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்காகப் பிரிந்துவிட்ட பழைய வட ஆற்காட்டை மனதில் வைத்து எழுதியது.

இது என்ன படிப்பு? மரம் நடுகிற படிப்பா?

எங்கள் நைனாவும் முதலில் இதைத்தான் கேட்டார்.

பாலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது வெறும் மணல். ஆனால் மணலுக்கு அடியில் தண்ணீர் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. மணலில் வெட்டிய ஊற்றுக்கால்வாய்களை நம்பியே கரையோரக் கழனிகளில் நெல் விளைந்தது. அந்த மணலை அள்ளிவிட்டால் தண்ணீர் எங்கே தங்கும்? நந்தி மலைப் பக்கம் பிறந்து கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் கடந்து நம்மிடம் வருவதற்குள் எவ்வளவு தடுக்கப்படுகிறது? நம் பக்கத்து 222 கிலோமீட்டரில் எவ்வளவு பூமிக்குள் இறங்குகிறது? தண்ணீர், மண், செடி, பிராணி, மனிதன் என்று இவற்றுக்கு நடுவே நடக்கிற கொடுக்கல் வாங்கலை அளந்து பார்ப்பது சூழலியல். அந்தக் கணக்கை வைத்து எதை எவ்வளவு எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று முடிவு செய்வது இயற்கை வள மேலாண்மை.

மரம் நடுவது இதில் ஒரு மூலை. இங்கே மரம் நடாதீர்கள் என்று சொல்வதும் இதே படிப்புதான். நம் கரடுகளைச் சுற்றியுள்ள முள்காட்டையும் புல்வெளியையும் 'தரிசு' என்று எழுதி, குழி தோண்டி, ஒரே ஜாதி மரத்தை வரிசையாக நட்டுவிடுகிறார்கள். அங்கே தரையில் முட்டையிடும் பறவைக்கு அப்புறம் இடமில்லை.

எல்லா டிகிரியிலும் 'சுற்றுச்சூழல் கல்வி' என்று ஒரு பேப்பர் வருகிறதே, அதுதானா?

அது இல்லை. உச்ச நீதிமன்றம் 1991இல் போட்ட ஓர் உத்தரவின் வழியாக எல்லாருக்கும் வந்த பொதுப் பாடம் அது. அதை வைத்து இந்தத் துறையை எடை போட்டால் யாருக்கும் தூக்கம்தான் வரும்.

சூழலியல், சுற்றுச்சூழல் அறிவியல், சுற்றுச்சூழல் பொறியியல், வனவியல். எல்லாம் ஒன்றுதானே?

ஆம்பூர்ப் பக்கம் ஒரு கிணறு உப்பாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, எந்த உப்பு, எவ்வளவு, எங்கிருந்து வந்தது என்று பார்ப்பார். சூழலியல் படித்தவர், அந்த உப்பு ஏறியதால் வரப்பில் எந்தச் செடி போய் எந்தச் செடி வந்தது, மண்ணில் புழு இருக்கிறதா, தவளை கத்துகிறதா என்று பார்ப்பார். பொறியாளர் அந்தக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையத்தைக் கட்டுவார். வனவியல் படித்தவர் உவர் நிலத்தில் எந்த மரம் பிழைக்கும், பத்து வருஷத்தில் எவ்வளவு கட்டை தேறும் என்று சொல்வார். கிணறு ஒன்றுதான், கேள்விகள் வேறு. உங்கள் பிள்ளைக்கு எந்தக் கேள்வி பிடிக்கிறது என்று பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள். பெயரில் 'சுற்றுச்சூழல்' இருக்கிறதே என்று மட்டும் பார்த்துச் சேர்க்காதீர்கள்.

பிளஸ் டூவில் எந்த குரூப் வேண்டும்?

இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கும் உள்ள முதல் குரூப் எடுத்தால் எந்தக் கதவும் மூடாது. தாவரவியல், விலங்கியல் உள்ள குரூப்பும் போதும், ஆனால் பொறியியல் பக்கம் போக முடியாது. வணிகவியல் குரூப் படித்துவிட்டுக் கேட்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு அறிவியல் பட்டம் கஷ்டம். பொருளாதாரம், சமூகப்பணி வழியாக இயற்கை வளத்துக்குள் வரலாம். அந்த வழியில் வந்த நல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

இளங்கலையிலேயே சுற்றுச்சூழல் அறிவியல் எடுக்கலாமா, தாவரவியல் மாதிரி பழைய பாடம் எடுக்கலாமா?

என்னைக் கேட்டால் பழைய பாடம்தான். இந்தப் பக்கத்திலேயே அதிகம் சண்டை வருகிற பதில் இது. ஆகவே காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் காரணம் வேலை. இந்திய வனப் பணித் தேர்வு எழுத என்ன பட்டம் வேண்டும் என்று யூபிஎஸ்சி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், நிலவியலாகிய ஜியாலஜி, கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றில் ஒன்றாவது படித்த பட்டம், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம். இந்தப் பட்டியலில் 'சுற்றுச்சூழல் அறிவியல்' என்ற பெயர் இல்லை. மூன்று வருஷம் காட்டையும் தண்ணீரையும் படித்துவிட்டு, காட்டிலாகாவின் பெரிய தேர்வுக்குத் தகுதி இல்லை என்று தெரிந்துகொள்கிற பிள்ளையைப் பார்ப்பது கொடுமை. சேருவதற்கு முன்னால் பாடத்திட்டத்தில் தாவரவியலோ வேதியியலோ ஒரு பாடமாகவே வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது காரணம் அடித்தளம். ஒரு செடியின் பெயர் தெரியாமல் காட்டைப் பற்றிப் பேச முடியாது. வேதியியல் தெரியாமல் நம் தோல் ஆலைகள் விட்ட குரோமியத்தைப் பற்றிப் பேச முடியாது. என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் பளபளப்பான பெயர் கொண்ட ஒரு சுற்றுச்சூழல் பட்டத்தில் சேர்ந்தான். எந்தக் கல்லூரி என்று சொல்லப் போவதில்லை. மூன்று வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் வெளியே கூட்டிப் போனார்கள், அதுவும் ஏலகிரிக்குப் படகு விட. நான் படித்த கல்லூரியில் ஓட்டை மைக்ராஸ்கோப்தான். ஆனால் கல்லூரிச் சுவருக்குப் பின்னால் இருந்த கரட்டில் வாரம் ஒருமுறை செடி பறித்து, அழுத்திக் காயவைத்து, பெயர் எழுத வைத்தார் எங்கள் வாத்தியார். அந்த மூன்று வருஷத்துச் செடிப் பெயர்களை வைத்துத்தான் இன்றும் பிழைக்கிறேன்.

விதிவிலக்கு வனவியல் பட்டம். அது வேறு ரகம்.

வனவியல் எங்கே படிப்பது? நீட் எழுத வேண்டுமா?

நீட் வேண்டாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது. நான்கு வருஷ வனவியல் பட்டம், பட்டுப்புழு வளர்ப்புப் பட்டமும் அங்கேயே உண்டு. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டு வேளாண் பல்கலைக்கழகக் கவுன்சலிங்கில் இடம் கொடுக்கிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேளாண் படிப்புகளுக்கும் உண்டு. நிறைய பேருக்கு இது மருத்துவத்துக்கு மட்டும்தான் என்று ஒரு நினைப்பு.

வனவியல் இடங்கள் குறைவு. கிடைக்காவிட்டால் வேளாண்மைப் பட்டம் நல்ல மாற்று. திருவண்ணாமலை மாவட்டத்து வாழவச்சனூரிலேயே அரசு வேளாண் கல்லூரி இருக்கிறது. மேட்டுப்பாளையம் தூரம் என்று பயப்பட ஒன்றுமில்லை. காட்பாடியில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது மேட்டுப்பாளையம்.

வேலூரை விட்டுப் போகாமல் படிக்க முடியாதா?

இளங்கலை முடியும். வேலூர் ஊரீசு கல்லூரி, முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, காட்பாடி ஆக்சிலியம், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம், திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி என்று அடிப்படை அறிவியலுக்குப் பழைய, நம்பகமான கல்லூரிகள் இருக்கின்றன. எந்தத் துறை எங்கே இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். போகும்போது ஆய்வகத்தையும் செடிக் காப்பகத்தையும் காட்டச் சொல்லுங்கள். விஐடியில் பொறியியல், வேளாண்மைப் பக்கம் வழி உண்டு, செலவும் அதற்கேற்ப உண்டு. முதுகலைக்கு மட்டும் வெளியே போங்கள். ஒரே நிலத்தை மட்டும் பார்த்தவனுக்குத் தன் நிலமே சரியாகத் தெரியாது.

வேலூர் வெயிலும் பாறையும்தானே? இங்கே படிக்க என்ன சூழலியல் இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் கோபம் வரும்.

ஜவ்வாது மலையில் ஆரம்பிக்கலாம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு, இலையுதிர்க் காடு. சந்தனத்துக்குப் பெயர் போன மலை. திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கு அமைந்ததும் அதனால்தான். சந்தனம் ஓர் அரை ஒட்டுண்ணி என்று எத்தனை பேருக்குத் தெரியும்? இலையால் தன் சோற்றைத் தானே ஆக்கும். ஆனால் வேரைப் பக்கத்து மரத்தின் வேருக்குள் குத்தி அங்கிருந்து நீரும் உப்பும் உறிஞ்சும். பக்கத்தில் துணை மரம் இல்லாமல் தனியாக நட்ட சந்தனக் கன்று சொங்கிப் போவது இதனால்தான். காட்டைக் காப்பாற்றாமல் சந்தனத்தை மட்டும் காப்பாற்ற முடியாது என்பதைப் புரியவைக்க இதைவிட நல்ல பாடம் இல்லை. அதே மலையில் மலையாளி இன மக்கள் சாமை விதைக்கிறார்கள். காட்டுக்கும் சாமைக் கொல்லைக்கும் நடுவே உள்ள எல்லை எப்படி நகர்ந்தது என்பதே ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதும். காவலூரில் வானத்தைப் பார்க்கத் தொலைநோக்கி வைத்தார்கள். தரையைப் பார்க்கவும் அங்கே நிறைய இருக்கிறது.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் யானைக் கதை. ஆந்திர எல்லையில் உள்ள கௌண்டின்யா காட்டில் வெகுகாலம் யானையே இல்லை. 1980களில் ஓசூர்ப் பக்கமிருந்து யானைகள் நகர்ந்து வந்து தங்கின. பெருங்காடாக இல்லாத இடத்தில் பெரிய மிருகம் எப்படிப் பிழைக்கிறது, மாந்தோப்புக்காரர் என்ன பாடு படுகிறார் என்பது உயிருள்ள கேள்வி.

ஏரிகளோ கணக்கில்லை. காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது, தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று, பாலாற்று அணைக்கட்டிலிருந்து வரும் கால்வாயால் நிரம்புவது. ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழியும் சங்கிலி ஏரி அமைப்பைப் படம் போட்டுப் பார்த்தால் அது ஒரு பெரிய கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கும். 1970களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பசுமைப் புரட்சியைப் படிக்க வட ஆற்காட்டுக் கிராமங்களைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஏரிப் பாசனம் தேய்ந்து கிணறும் பம்புசெட்டும் வந்தபோது நிலத்தடி நீர் என்ன ஆகிறது என்பதை உலகம் கவனித்த இடங்களில் நம் மாவட்டமும் ஒன்று. நமக்குத்தான் அது தெரியாது.

இன்னொரு பக்கம், ஜவ்வாது மலையில் பிறந்து கணியம்பாடி, கண்ணமங்கலம் வழியாக ஓடும் நாகநதி. வறண்டு கிடந்த அந்த ஆற்றுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் சுமார் 20,000 பெண்கள் கானாறுகளின் குறுக்கே கல் தடுப்பு போட்டார்கள், உறை இறக்கிய செறிவூட்டும் கிணறுகள் தோண்டினார்கள். மேலே உள்ள களிமண் அடுக்கு தண்ணீரை உள்ளே விடாது; உறை அதைத் தாண்டி மழைநீரைச் சரளை அடுக்கில் சேர்க்கிறது. நுட்பம் அவ்வளவுதான். ஆனால் எந்த இடத்தில் தோண்டுவது என்பதில்தான் படிப்பு இருக்கிறது. தப்பான இடத்தில் தோண்டினால் அது வெறும் குழி.

அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்கிறார். நான் சூழலியல் படித்தால் அவர் வேலைக்கு எதிராக நிற்க வேண்டியிருக்குமோ?

வாணியம்பாடியிலிருந்து ஒரு பெண் கேட்டது. இதைவிட நேர்மையான கேள்வி எனக்கு வந்ததில்லை.

முதலில் வரலாறு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதும், ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாவதும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும், கெடும் என்று சந்தேகம் இருந்தாலே முன்கூட்டித் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அங்கேதான் அழுத்தமாகச் சொல்லப்பட்டது. இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரிக்குப் போனாலும் சுற்றுச்சூழல் வகுப்பில் 'வேலூர் வழக்கு' வரும். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதே பாலாறு விஷயத்தில் மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அறிவியல். தோலைப் பதனிடக் குரோமியம் வருவதற்கு முன்னால் நம் ஊர்க்காரர்கள் ஆவாரம் பட்டையால்தான் பதப்படுத்தினார்கள். மேட்டாங்காட்டில் தானாக வளர்கிற ஆவாரை. குரோம் முறையில் வேலை சீக்கிரம் முடியும், தோல் மிருதுவாக வரும், வெளிநாட்டில் விலை போகும். அதன் மிச்சம் மண்ணிலும் நீரிலும் சேர்ந்தது. அதில் பாதிக் கேடு குரோமியத்தால் அல்ல. பச்சைத் தோல் அழுகாமல் இருக்கத் தடவும் சாதாரணச் சமையல் உப்பால். உப்பைத் தண்ணீரிலிருந்து பிரிப்பது செலவு பிடித்த வேலை. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலைக்குள் கிடக்கும் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு தனிக் கதை.

இதெல்லாம் தெரிந்த ஒருவர் டேனரிக்கு எதிரியாகத்தான் இருக்க வேண்டுமா? பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆய்வகம் நடத்த ஆள் வேண்டும். உப்பைக் குறைத்துத் தோலைக் காப்பதற்கு வழி தேட ஆள் வேண்டும். நீதிமன்றம் கேட்கும் அளவீட்டைப் பொய்யில்லாமல் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு எந்தத் தொட்டியில் என்ன கலக்கிறார்கள் என்று கையால் தெரியும். அவர் மகளுக்கு அது எண்ணாகத் தெரியப் போகிறது. வீட்டில் சண்டை வராது என்று நான் உத்தரவாதம் தரவில்லை. என் நண்பர் ஒருவர் வீட்டில் வந்தது.

களப்பணி எப்படி இருக்கும்? பெண் பிள்ளையை அனுப்பலாமா?

காலையில் ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். காட்டில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டிக் கட்டம் போட்டு, உள்ளே உள்ள ஒவ்வொரு மரத்தையும் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்து எழுத வேண்டும். நாற்பது கட்டம் போட்டால்தான் பேச ஏதாவது கிடைக்கும். உண்ணி கடிக்கும். ஜவ்வாதில் கரடி உண்டு, ஆகவே தனியாகப் போகக்கூடாது, இருட்டின பிறகு போகக்கூடாது, உள்ளூர் ஆள் இல்லாமல் போகவே கூடாது. இந்த மூன்று விதியும் ஆண் பெண் இருவருக்கும்தான்.

என் முதுகலை வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். வெயிலில் முதலில் சுருண்டு விழுந்தது நான்தான். கவலைப்பட வேண்டியது வேறு விஷயம்: களத்தில் தங்குமிடம், கழிப்பறை, கூட வரும் மேற்பார்வையாளர் எப்படி என்று சேருவதற்கு முன்பே சீனியர் அக்காக்களிடம் கேளுங்கள். கல்லூரியிடம் கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

எனக்குக் கணக்கு வராது. பரவாயில்லையா?

கொஞ்சம் பரவாயில்லை. நுண்கணிதம் அதிகம் வேண்டாம். ஆனால் புள்ளியியல் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. இருபது கிணற்றை அளந்துவிட்டு நீர்மட்டம் இறங்கியது என்று சொன்னால், அது நிஜமா, தற்செயலா என்று அடுத்த கேள்வி வரும். 'ஆர்' என்ற இலவச மென்பொருளும் வரைபடம் போட 'க்யூஜிஐஎஸ்' என்ற இலவச மென்பொருளும் கற்றுக்கொண்டால் பாதி வேலை கிடைத்த மாதிரி. ஒரு சாதா லேப்டாப் போதும். கணக்கு வராது என்று சொல்கிற பிள்ளைகள் பலருக்கும் கணக்கு வரும். கணக்கு வாத்தியார்தான் வராமல் செய்திருப்பார்.

தமிழ்வழியில் படித்தவன். சமாளிக்க முடியுமா?

முதல் வருஷம் திணறும். நானும் திணறினேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், களத்துக்குப் போனதும் நிலைமை தலைகீழாகும். ஏரி, தாங்கல், குட்டை, கழனி, கொல்லை, மேட்டாங்காடு, கானாறு என்று ஒவ்வொரு நிலத்துக்கும் நீருக்கும் நமக்குத் தனிச் சொல் இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்த என் வகுப்புத் தோழன் இதையெல்லாம் 'வாட்டர் பாடி', 'லேண்ட்' என்று இரண்டே சொல்லில் அடக்கிவிட்டான். ஊர்ப் பெரியவர் சொன்னதில் பாதி அவன் குறிப்பில் ஏறவே இல்லை.

செலவு எவ்வளவு ஆகும்?

அரசு, அரசு உதவி பெறும் கல்லூரியில் கல்விக் கட்டணம் பெரிய தொகையே இல்லை. ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்கல்விப் படிப்புகளில் கட்டணச் சலுகை தனி. களப்பணிக்குப் போய் வருகிற பஸ் செலவும் நல்ல ஷூவும்தான் யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவுகள்.

முதுகலைக்கு எங்கே போகலாம்?

எங்களுக்குப் பக்கம் புதுச்சேரிப் பல்கலைக்கழகம். சூழலியல், சுற்றுச்சூழல் அறிவியல் துறை பழையது, நல்லது. முதுகலைக்கான பொது நுழைவுத் தேர்வான கியூட் எழுத வேண்டும். வனவிலங்கு என்றால் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏவிசி கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் முதுகலை இருக்கிறது. குறைந்த செலவில் இவ்வளவு காடு பார்க்க வேறு வழியில்லை. அகில இந்திய அளவில் டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், அங்கேயே வன ஆராய்ச்சி நிறுவனப் பல்கலைக்கழகம், பெங்களூரு என்சிபிஎஸ் என்கிற தேசிய உயிரியல் அறிவியல் மையம். என்சிபிஎஸ் வனவிலங்கு முதுகலைக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் ஆள் எடுக்கிறார்கள், அந்த வருஷத்தைத் தவறவிடாதீர்கள். நிர்வாகப் பக்கம் போக விருப்பம் என்றால் போபால் இந்திய வன மேலாண்மை நிறுவனம்.

வெளிநாடு பற்றிக் கேட்பவர்களுக்கு: முழு உதவித்தொகை இல்லாமல் போகாதீர்கள். கடன் வாங்கி ஐரோப்பாவில் பனிக்காடு படித்துவிட்டு வந்தவருக்கு இங்கே வரும் முதல் சம்பளம் வட்டிக்குக் காணாது.

சரி, வேலை கிடைக்குமா? உண்மையைச் சொல்லுங்கள்.

கிடைக்கும், தாமதமாக.

அரசு வேலை முதலில். இந்திய வனப் பணிக்கு முதல்நிலைத் தேர்வு ஐஏஎஸ் எழுதுபவர்களோடு சேர்ந்ததுதான். உடல் தகுதியாக நான்கு மணி நேரத்தில் ஆண்கள் 25, பெண்கள் 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வேலூர்க் கோட்டையைத் தினமும் சுற்றினாலே பழகிவிடும். மாநில அளவில் உதவி வனப் பாதுகாவலர், ரேஞ்சராகப் போகிற வனப் பயிற்சியாளர் பதவிகளை டிஎன்பிஎஸ்சி நிரப்புகிறது. வனக் காப்பாளர், வனக் காவலர் இடங்கள் இப்போது குரூப் 4இல் சேர்ந்துவிட்டன. அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருப்பதுதான் பெரிய சோதனை. மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போக வேதியியல் பின்னணி கைகொடுக்கும்.

தனியார் பக்கம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்கள். சம்பளம் சுமாராக வரும். மனசாட்சிக்கு வேலை அதிகம். எங்கள் பக்கத்துக் கல்குவாரி ஒன்றின் அறிக்கையில் செடிப் பட்டியலைப் படித்துப் பார்த்தேன். பாதிச் செடிகள் நம் கரட்டில் முளைக்கவே முளைக்காதவை. வேறு மாவட்டத்து அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்கவும் ஒரு தாவரவியல்காரன் தேவைப்பட்டான், பாருங்கள்.

ஆராய்ச்சித் திட்ட வேலைகள் ஒப்பந்தத்தில் வருபவை. என் முதல் வேலையில் ஐந்து மாதம் சம்பளம் வரவில்லை. காரணம் கேட்டால் 'நிதி வந்துகொண்டிருக்கிறது' என்பார்கள். பாலாறு மாதிரி, வரும் வரும் என்று. வீட்டில் உடனடி வருமானம் கட்டாயம் என்றால் பி.எட். முடித்து ஆசிரியர் வேலையில் ஒரு காலும் இதில் ஒரு காலும் வைக்கலாம். அப்படி வைத்திருக்கிற ஆசிரியர்கள்தான் எங்கள் பக்கத்தில் பறவைக் கணக்கெடுப்பையே நடத்துகிறார்கள்.

கல்லூரி திறக்க இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை என்ன செய்யட்டும்?

இருநூறு முந்நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் வாங்கித் தெருத்தெருவாகத் தண்ணீர் அளக்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். நல்லதுதான். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாதபோது 2,000 வரை என்பது இந்திய அளவு. ஆனால் அந்த மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். குரோமியம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. மீட்டர் குறைவாகக் காட்டுகிறது, ஆகவே தண்ணீர் சுத்தம் என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

'இநேச்சுரலிஸ்ட்' செயலியில் செடி, பூச்சிப் படம் ஏற்றிப் பெயர் கற்கலாம். பறவைக்கு 'இபேர்ட்'. 'ஸ்வயம்' தளத்தில் சூழலியல் பாடங்கள் இலவசம்.

இதையெல்லாம்விட நான் சொல்வது ஒரு கிணறு. உங்கள் கழனிக் கிணறோ, பக்கத்து வீட்டுக்காரருடையதோ. கைப்பிடிச் சுவரில் ஓரிடத்தில் பெயின்ட் அடையாளம் போடுங்கள். ஒரு கயிற்றில் கால் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, மோட்டார் போடுவதற்கு முன்னால், அதே அடையாளத்திலிருந்து இறக்கித் தண்ணீர் எத்தனை முடிச்சில் தொடுகிறது என்று நோட்டில் எழுதுங்கள். மொட்டை மாடியில் நேர்ச்சுவர் உள்ள ஒரு டப்பா வைத்து மழையையும் ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளங்கள். கரன்ட் இல்லாத வாரம், பக்கத்தில் புது போர் போட்ட நாள், ஏரி நிரம்பிக் கோடி போன நாள் எல்லாவற்றையும் ஓரத்தில் குறித்து வையுங்கள். தேதி போட மறக்காதீர்கள். என் முதல் நோட்டில் தேதி இல்லாத பதினோரு பக்கம் இருக்கிறது.